எடை இறங்கிய பிறகு

வேகத்தடை ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் ஒரு டொக்.
யாரோ உள்ளேயிருந்து
ஒரேயொரு முறை தட்டிவிட்டுக் காத்திருப்பதுபோல.
ஆறு வாரம் கேட்காத மாதிரி இருந்தேன்.
பிறகு மயூர் விஹார் மேம்பால இறக்கத்தில்
பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்புறம் சாய்ந்தது,
ரகசியம் கேட்கக் குனிகிறவள்போல.

காஷ்மீரி கேட்டில் குரானா கேட்டார்:
எந்த வருஷத்து சான்ட்ரோ?
சொன்னேன். விரல்விட்டு எண்ணினார்.
ஏழு மாசத்தில் பதினைந்து முடிகிறதே மேடம்ஜி,
மாயாபுரிக்குப் போகிற வண்டிக்கு
ஜோடி லோயர் ஆர்மா?
சாகப்போகிற மாட்டுக்கு லாடமா என்பதை
இந்தியில் எப்படிச் சொல்வார்களோ,
முகத்தாலேயே சொல்லிவிட்டார்.

இருபத்தொரு வருடமாகத் தணிக்கை அலுவலகத்தில்
அடுத்தவர் செலவுக்கு ஆட்சேபம் எழுதுகிறவள் நான்.
மூவாயிரத்து நானூறு. எண்ணிக் கொடுத்தேன்.
பில் கேட்டேன்.
பில் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

ஞாயிறு. புகைமூட்டத்தில் சூரியன்
பஜ்ஜி மடித்த தாளில் எண்ணெய் இறங்கிய வட்டம்.
பின்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டக்கொடுத்து
முன்பக்கத்தை ஸ்டாண்டுகளில் ஏற்றி
சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.
டார்ச் பிடித்தவள் மூன்றாம் மாடி கமலேஷ்,
பிசியோதெரபிஸ்ட்.
முட்டி மாதிரியே இருக்கே என்றாள்.
ஆயில் சொட்டினால் சொசைட்டியில் புகார் என்று
பால்கனியிலிருந்து சத்தா சாஹிப்.

பின் போல்ட் வரவில்லை.
துருவிடும் எண்ணெய் அடித்துவிட்டு டீ குடித்தோம்.
மறுபடி அடித்தோம். மறுபடி டீ.
ஸ்பானரில் இரும்புக் குழாய் செருகித் தொங்கினேன்.
முதலில் என் தோளில் ஏதோ நகர்ந்தது,
பிறகுதான் போல்ட்.

வெளியே வந்தது அந்தக் கை.
ஆர்ம் என்றால் கைதானே.
புஷ் ரப்பர் வாய்பிளந்து கிடந்தது.
விரலால் தொட்டாலே பால் ஜாயின்ட் தலையாட்டியது,
எதற்கும் சரி சரி என்கிற
எங்கள் பிரிவு அதிகாரியைப்போல.
எலுமிச்சை அளவு ரப்பர் இது.
மகள் முதன்முதலாக ஓட்டி ஏற்றிய நொய்டா டிவைடர்,
பின்சீட்டில் கண்ணயர்ந்த வரதனை எழுப்பாமல்
எய்ம்ஸ் வரை ஏறி இறங்கிய வேகத்தடைகள்,
அத்தனையும் இதுதான் வாங்கிக்கொண்டிருக்கிறது.
துணியில் சுற்றி டிக்கியில் வைத்தேன்.
எதற்கென்று கமலேஷ் கேட்கவில்லை.

புதியது கறுப்பாக,
ஒன்றுமே தெரியாத முகத்தோடு இருந்தது.
மாட்டினேன். போல்ட்டுகள் விரலிறுக்கம் மட்டும்.
இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள்:
சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால்
அந்தத் தொங்கலையே தன் இயல்பென்று
ரப்பர் பிடித்துக்கொள்ளும்.
தரையில் இறக்கியதும் திருகிக்கொண்டே நிற்கும்.
எங்கும் போகாமல், நின்ற இடத்திலேயே கிழியும்.
ஆகவே கையின் நுனிக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்து
வண்டி தன் பாரத்தை அதன்மேல் வைக்கிறவரை
ஏற்று, இன்னும் கொஞ்சம் ஏற்று,
இப்போது முறுக்கு.

டார்ச்சைத் தாழ்த்திக் கமலேஷ்
ஏதோ சொல்ல வந்தாள்.
பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட்டை எடு என்றேன்.

வலப்பக்கம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது.
இரண்டாவது எப்போதும் அப்படித்தான்.

அலைன்மென்ட் நாளைக்குத்தான்;
ஸ்டீயரிங் சற்றே கோணல்.
மதர் டெய்ரி வாசலில் வேகத்தடை.
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
ஏறியது.
இறங்கியது.
டொக் இல்லை.

அப்போதுதான் கேட்டது,
இத்தனை நாள் முன்பக்கச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த
பின்கதவின் கிலுகிலுப்பு.
கமலேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
இன்னும் ஏழு மாசம் இருக்கே
என்றேன்.